பாய்மரப் படகில் ஒரு பாட்டி

2024-ஆம் வருஷத்து மார்கழியில் சபாக் கச்சேரிகளில் என்னைக் காணவில்லையே என்று விசாரிக்காத சிநேகிதி கிடையாது. "உடம்பு சரியில்லையா?" என்றார்கள். "மறுபடியும் முழங்கால் வலியா?" என்றார்கள். நான் உண்மையைச் சொன்னேன். "ஆப்பிரிக்காப் பக்கத்துச் சமுத்திரத்தில் பாய்மரப் படகில் போய்க் கொண்டிருந்தேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்!

நேயர்களே, நீங்களாவது நம்புங்கள். எனக்கு 66 வயது. திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவல்லிக்கேணியிலேயே வாழ்க்கைப்பட்டவள். மெரீனாக் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் அந்தத் தண்ணீரில் கால் நனைத்தது கிடையாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு, கடலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறவள் நான் என்று மட்டும் தெரிந்து கொண்டால் போதும்.

அப்படிப்பட்டவள் ஸான்ஸிபாருக்கு ஏன் போனேன்? பேரனைப் பார்க்கத்தான். நம் சென்னை ஐ.ஐ.டி. 2023-ஆம் வருஷம் ஸான்ஸிபார்த் தீவில் ஒரு கிளை திறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். என் மாப்பிள்ளை அங்கே பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். பெண்ணும் பேரனும் கூடவே போய்விட்டார்கள். பூகோளப் புத்தகத்தில் கிராம்புக்குப் பெயர் போன இடம் என்று படித்தோமே, அதே ஸான்ஸிபார்தான். தான்ஸானியாவின் கரையிலிருந்து சுமார் 35 கிலோ மீட்டர் தள்ளி, இந்து மகா சமுத்திரத்தில் இருக்கிறது.

நான் போய் இறங்கிய மூன்றாம் நாளே பேரன் ஆரம்பித்துவிட்டான். "பாட்டி, அப்பா படகு பேசியிருக்கிறார். பாய் கட்டின படகு. ரெண்டு நாள் பிரயாணம். நீயும் வரே!" என்றான். அவனுக்குப் பத்து வயது. ஊஞ்சலில் போகலாம் என்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான்.

"நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்றேன். என் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வீடு எங்கேயும் ஓடிப் போகாது, அம்மா. குழந்தை எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறான்!" என்றாள். குழந்தையைத் தனியே கடலில் விட்டுவிட்டு நான் கரையில் உட்கார்ந்திருப்பதா? அந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. கடலைவிடக் கரைதான் அதிகப் பயமாக இருந்தது. "வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

தீவின் தென்மேற்கு மூலையில் ஃபும்பா என்று ஒரு கிராமம். அங்கிருந்துதான் கிளம்பினோம். அந்தக் கடற்கரையில் நிற்கும் படகுகளைப் பார்க்கக் கண் போதாது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் 'தௌ' என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அப்படியில்லை. பெரியது 'ஜஹாஸி', நடுத்தரமானது 'மஷூவா', சின்னது 'ங்கலாவா'.

இந்த ங்கலாவாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு மாமரத்தின் அடிமரத்தை அப்படியே குடைந்து செய்கிறார்கள். அது ஒல்லியாக இருப்பதால் கவிழ்ந்து போகாமல் இருக்க, இரண்டு பக்கமும் கழிகளை நீட்டி, அவற்றின் நுனியில் பலகை கட்டியிருக்கிறார்கள். நடக்கத் தொடங்கும் குழந்தை இரண்டு கையையும் விரித்துக் கொண்டு போகுமே, அது மாதிரி இருக்கிறது. நம் கட்டுமரத்துக்கு இந்தக் கைகள் கிடையாது. அது பெயருக்கு ஏற்றபடி கட்டின மரம்தான். ஆனாலும் அந்தப் பெயர் இங்கிலீஷில் புகுந்து, இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கெல்லாம் உலகம் முழுவதும் வழங்குகிறது!

நாங்கள் ஏறியது மஷூவா. பலகைகளின் இடுக்குகளில் பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, உளியால் தட்டித் தட்டி அடைத்திருந்தார்கள். அந்த வேலைக்கு அவர்கள் பாஷையில் 'கலஃபாத்தி' என்று பெயராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூத்துக்குடியில் என் சித்தப்பா வேலை பார்த்த காலத்தில், தோணி கட்டுகிறவர்கள் இதையே 'கலப்பத்து' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அரபு மாலுமிகள் இரண்டு கரையிலும் விட்டுப் போன வார்த்தை போலிருக்கிறது.

படகுத் தலைவரை அங்கே 'நஹோதா' என்கிறார்கள். எங்கள் நஹோதாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் வேலைப்பாடு செய்த வெள்ளைத் தொப்பி, மெலிந்த உடம்பு, அதிகம் பேசாத மனிதர். அவருக்கு உதவியாக இரண்டு வாலிபர்கள். அவர்களில் சின்னவன் என்னைக் கண்டதும், "ஷிகாமூ, பீபி" என்று தலை குனிந்தான். பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்ற பொருளில் வந்தது என்கிறார்கள். 'பீபி' என்றால் பாட்டி. "மரஹபா என்று பதில் சொல்லணும், பாட்டி" என்று பேரன் கிசுகிசுத்தான். சொன்னேன். நம் ஊரில் கூடக் குறைந்து வருகிற மரியாதை, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் எனக்குக் கிடைத்தது.

புடவைக்கு மேலே உயிர் காக்கும் மிதவைச் சட்டையை மாட்டிக் கொண்டு நான் நின்ற கோலத்தைப் போட்டோப் பிடித்தாள் என் பெண். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை. இனியும் காட்டுவதாக இல்லை.

பாய் எழும்பியதே ஒரு காட்சி! ஒரு சிறிய மரம். அதன்மேல் அதைவிட நீளமான ஒரு குறுக்குக் கழி. கழியிலிருந்து தொங்கும் முக்கோணப் பாய். இரண்டு வாலிபர்களும் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க அது மேலே ஏறியது. நல்ல கனமான துணி; அங்கங்கே ஒட்டுப் போட்டிருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். காற்று பாய்க்குள் வந்துவிட்டது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் பெண்ணின் தோளை எப்படிப் பிடித்தேனோ, நகக்குறி மறுநாளும் இருந்ததாம்! வாலிபர்கள் மட்டும் பதறாமல், அடியில் கிடந்த மணல் மூட்டைகளைக் காற்று வரும் பக்கமாகத் தூக்கிப் போட்டார்கள். படகு நிமிர்ந்து கொண்டது. தராசுத் தட்டில் படிக்கல் வைப்பது போல, அவ்வளவுதான் சங்கதி.

இந்தக் காற்றுக்குப் பெயர் 'கஸ்காஸி'. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும். நம் வாடைக்காற்றின் உடன்பிறப்பு. ஏப்ரலுக்குப் பிறகு திசை மாறித் தெற்கிலிருந்து 'கூஸி' அடிக்கும். பல நூற்றாண்டுகளாக அரேபியாவிலிருந்தும் நம் மேற்குக் கரையிலிருந்தும் கப்பல்கள் கஸ்காஸியில் பேரீச்சம்பழமும் துணியும் ஏற்றிக் கொண்டு வந்து, கூஸியில் தந்தமும் கண்டல் கழியும் ஏற்றிக் கொண்டு திரும்பின. மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். ஸான்ஸிபாரின் அடிமைச் சந்தை 1873-ல்தான் மூடப்பட்டது. காற்றுக்கு நல்ல சரக்கு, கெட்ட சரக்கு என்ற பேதம் ஏது?

ஃபும்பாவிலிருந்து விரிகுடாவைக் கடந்து, தீவின் தென்கோடியில் இருக்கும் கிஸிம்காஸி என்ற ஊருக்குப் போக வேண்டும். இரவு அங்கே தங்கல். மறுநாள் அதே படகில் திரும்புதல். இதுதான் மாப்பிள்ளை போட்ட திட்டம். மணி வாரியாகக் காகிதத்தில் எழுதியே வைத்திருந்தார். ரொம்ப ஒழுங்கானவர்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணல் திட்டில் இறங்கினோம். திட்டு என்றால், நாலு பக்கமும் பச்சை நிறத் தண்ணீர், நடுவில் சர்க்கரை கொட்டினாற்போல் மணல். ஒரு மரம் கிடையாது, புல் கிடையாது. நம் சென்னையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் நடுவே ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தால் அதிகம். அங்கே பௌர்ணமி, அமாவாசைச் சமயங்களில் நாலு மீட்டர் வரை இருக்கிறது! அதனால், நீர் வற்றும்போது தலை காட்டும் திட்டு, நீர் ஏறினால் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். கடல் கொஞ்ச நேரம் இரவல் கொடுத்த தரையில் உட்கார்ந்து நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். நஹோதாவுக்கும் ஒரு கை வைத்தேன். வாயில் போட்டவர் முகம் மலர்ந்தது. "உக்வாஜு!" என்றார். அவர்கள் பாஷையில் புளிக்கு அதுதான் பெயராம். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவர் தனியே போய்த் தெற்குப் பார்த்து நின்றார். வெகு நேரம் நின்றார். காற்று நின்று போயிருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன். மரத்து நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி துவண்டு தொங்கியது. மற்றபடி வெயில் பளீர் என்று அடித்தது. தெற்கே அடிவானத்தில் கொஞ்சம் மேகம். நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் 'துணி உலர்த்தலாமா, வேண்டாமா' என்று யோசிக்கக்கூடத் தோன்றாத அளவு மேகம்.

நஹோதா திரும்பி வந்தார். "துரூதி" என்றார். 'திரும்பிப் போவோம்' என்று அர்த்தம்.

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன்? மழையே இல்லையே! இதோ பாருங்கள்" என்று கைத்தொலைபேசியில் வானிலையைக் காட்டினார். மழைக்கு இடமில்லை என்றுதான் அது சொல்லிற்று. "காற்று இல்லாவிட்டால் மோட்டார் இருக்கிறது. கிஸிம்காஸியில் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பாதி வழி வந்துவிட்டுத் திரும்புவதாவது!" என்றார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் நீங்களும் கேட்டிருப்போம்.

நஹோதா கோபித்துக் கொள்ளவில்லை. என் பெண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அவள் தனக்குத் தெரிந்த பாஷையை வைத்துக் கொண்டு எங்களுக்குச் சொன்னாள். "அந்த மோட்டார் கரைக்கு அருகே ஒதுங்குவதற்கு, நடுக் கடலுக்கு அல்ல. ஐயா கையில் இருக்கும் கருவி சொல்வது சரியாக இருக்கலாம். நான் தப்பாக இருக்கலாம். நான் தப்பானால் உங்களுக்குப் பணம் நஷ்டம். கருவி தப்பானால்..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

மாப்பிள்ளை மறுபடி வாயைத் திறந்தார். அப்போது ஒரு குரல் கேட்டது. "மாப்பிள்ளை, அவர் சொன்னால் சரி. திரும்பிவிடலாம்."

அது என் குரல்தான்! மாப்பிள்ளையின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், 'காபி ஆறிவிடப் போகிறது' என்பதைக்கூடப் பெண் மூலமாகச் சொல்லித்தான் பழக்கம். அவர் என்னை ஆச்சரியத்துடன் பார்த்தார். பிறகு, "சரி, அத்தை" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார். பேரன் அழுதான்.

இப்போது நீங்கள் ஒரு பெரும் புயலை எதிர்பார்ப்பீர்கள். நாங்கள் கரையில் கால் வைத்ததும் வானம் இருண்டு, சூறை அடித்து, நஹோதா தீர்க்கதரிசி ஆகியிருக்க வேண்டும். தொடர்கதையாக இருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும்.

ஒன்றுமே நடக்கவில்லை, நேயர்களே! சின்ன மோட்டாரைப் போட்டுக் கொண்டு ஃபும்பாவுக்கு வந்து சேர்ந்தோம். தெற்கே இரண்டு தரம் உறுமிற்று. என் கையில் நாலு தூறல் விழுந்தது. அரை மணியில் வானம் வெளுத்துவிட்டது. விரிகுடாவுக்குள் என்ன நடந்ததோ, கரையிலிருந்த எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

கரையில் நஹோதா இன்னொரு காரியம் செய்தார். பேசியிருந்த தொகையில் பாதியை எண்ணித் திருப்பி நீட்டினார். மாப்பிள்ளை அதை வாங்கிக் கொண்டார். நியாயம்தானே?

அன்று இரவு சாப்பாடு ஆனதும் பெண் என்னைக் கேட்டாள். "அம்மா, நீ பயத்திலேதானே அப்படிச் சொன்னே? வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் உன்னை அழைத்துக் கொண்டே போயிருக்க மாட்டோமே!" மாப்பிள்ளையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தார்.

முன்னே ஒரு காரணம் சொல்கிறேன் என்றேனே, அதை அன்றுதான் என் பெண்ணிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

எங்கள் வீட்டுப் பூஜை அறைக்கு வெளியே ஒரு பையனின் படம் மாட்டியிருக்கும். என் தம்பி. ஜன்னி கண்டு இறந்து போனான் என்றுதான் என் பெண்ணுக்குச் சொல்லி வளர்த்திருந்தோம். ஜன்னியும் இல்லை, ஜுரமும் இல்லை. 1973-ஆம் வருஷத்துக் காணும் பொங்கல் அன்று அவனையும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரையும் மெரீனாவுக்கு அழைத்துப் போனவள் நான். எனக்கு அப்போது பதினைந்து வயது, அவனுக்குப் பன்னிரண்டு. கரையில் வலை பிரித்துக் கொண்டிருந்த ஒரு மீனவர் தலை நிமிர்ந்து, "தம்பி, இன்னிக்கு இறங்காதே. தண்ணி உள்ளே இழுக்குது" என்றார். கடல் அமைதியாகத்தான் இருந்தது, வெயில் அடித்தது. பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்துத்தான் அவன் இறங்கினான்.

சிநேகிதர்கள் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

அந்த மீனவர்தான் முதலில் தண்ணீரில் பாய்ந்தவர். நெடுநேரம் தேடிவிட்டு, மூச்சு வாங்கக் கரைக்கு வந்து, என்னைப் பார்த்தார். 'சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும்.

இதைச் சொல்லி முடித்தபோது என் பெண் என் கையைப் பிடித்துக் கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். நான் மேலும் சொன்னேன்: "அன்று அவர் பேச்சைக் கேட்டுத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், தெரியுமா? ஒன்றும் ஆகியிருக்காது. 'யாரோ ஒருத்தர் நம் காணும் பொங்கலைக் கெடுத்துவிட்டார்' என்று அந்த மனிதரைத் திட்டிக் கொண்டே வீட்டுக்கு வந்திருப்போம். அவர் ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார் என்பது எங்களுக்கும் தெரிந்திருக்காது, அவருக்கும் தெரிந்திருக்காது. திரும்பி வருகிறவனுக்குச் சாட்சி கிடையாது, மாப்பிள்ளை. இன்றைக்கும் அப்படித்தான்."

மறுநாள் காலையில் மாப்பிள்ளை யாரிடமும் சொல்லிக் கொள்ளாமல் காரை எடுத்துக் கொண்டு ஃபும்பாவுக்குப் போய் வந்தார். நஹோதா திருப்பிக் கொடுத்த பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று பெண் பிற்பாடு சொன்னாள். இந்த இடத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும். 'திரும்பிப் போவோம்' என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு படகுக்காரருக்குக் கூலி நஷ்டம் என்றால், அவர் எத்தனை நாள் சொல்வார்? வீட்டில் அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டே!

ஸான்ஸிபார்க்காரர்களுக்கு இது கதைப் பேச்சு அல்ல. 2011 செப்டம்பரில், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக் கொண்டு பெம்பா தீவுக்குப் போன ஒரு பிரயாணிக் கப்பல் இரவில் மூழ்கியது. 2012 ஜூலையில், பலத்த காற்றில் இன்னொன்று கவிழ்ந்தது. அந்த இரண்டிலுமாக மாண்டவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள்.

இரண்டு நாள் கழித்து நஹோதாவிடமிருந்து செய்தி வந்தது: "காற்று வந்துவிட்டது. நாளைக் காலை போகலாம்."

"நீ வர வேண்டாம், அம்மா" என்றாள் பெண். எனக்கும் அதுதான் சௌகரியம். ஆனால் இரவு படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்த மனிதர் 'வேண்டாம்' என்றபோது, அவருக்குக் கடல் தெரியும் என்று நம்பினேன். அதே மனிதர் 'போகலாம்' என்று சொல்லும்போது நம்பாமல் இருப்பதா? அப்படியானால் நான் நம்பியது அவரை அல்ல, என் பயத்தை. காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து புளியோதரை கிளறினேன்.

அன்றைய பிரயாணத்தைப் பற்றிச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. கஸ்காஸி இடப் பக்கத்திலிருந்து ஒரே சீராக வீசியது. மோட்டார்ச் சத்தம் கிடையாது. படகின் அடியில் தண்ணீர் சலசலக்கும் ஓசை, கயிறு முனகும் ஓசை, அவ்வளவுதான். கண்டல் காடுகள் பச்சைக் கோடாகப் பின்னால் போயின. நட்ட நடு விரிகுடாவில் பேரன் சுக்கான் கட்டையைப் பிடிக்க ஆசைப்பட்டான். நஹோதா அவனைப் பிடிக்க விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பீபி?" என்றார். பிடித்தேன். கடலின் இழுப்பு முழுவதும் அந்தக் கட்டை வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. தம்பியை இழுத்துப் போனதும் இதே இழுப்புத்தானே என்று நினைத்தேன். கை நடுங்கியது. நஹோதா தன் கையை என் கைக்குப் பக்கத்தில், தொடாமல், வைத்துக் கொண்டார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

கிஸிம்காஸியில் ஒரு பழைய மசூதி இருக்கிறது. அதன் சுவரில் 1107-ஆம் வருஷத்தைக் குறிக்கும் கல்வெட்டு உண்டு. நம் ஊரில் குலோத்துங்க சோழன் ஆண்ட காலம்! மாலையில் தூரத்தில் டால்பின்கள் துள்ளின. மோட்டார்ப் படகுகள் இரண்டு மூன்று அவற்றைத் துரத்திக் கொண்டு போயின. எங்கள் நஹோதா துரத்தவில்லை. பாயைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருந்தார். அவையாக வந்தால் பார்க்கலாம் என்பது அவர் கட்சி. இரண்டு டால்பின்கள் வந்தன. பேரன் மூச்சு விடாமல் பார்த்தான். மறுநாள் காற்று மாறாமல் இருந்தது; திரும்பினோம்.

உங்களில் யாராவது இப்படிப் போவதாக இருந்தால், பாட்டி என்ற உரிமையில் சில வார்த்தைகள். மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம், அப்போது போகாதீர்கள். ஏறுவதற்கு முன் மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் ஏற வேண்டாம். தொப்பியும் குடிதண்ணீரும் வேண்டியதைவிட அதிகமாகவே எடுத்துக் கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் படகுப் பிரயாணம் வைத்துக் கொள்ளாதீர்கள். அவசரக்காரனுக்குக் கடல் காத்திருக்காது. பேரம் பேசும்போதே, "நீங்கள் திரும்பச் சொன்னாலும் முழுக் கூலி உண்டு" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் செலவழிக்கும் பணத்தில் அதைவிட நல்ல செலவு கிடையாது.

ஊருக்கு வந்ததும் தம்பியின் படத்தைத் துடைத்து, கீழே தேதி எழுதி ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு யாராவது கேட்டால், இப்போதெல்லாம் உள்ளதைச் சொல்கிறேன்.

2025-ஆம் வருஷத்துக் காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில், கூட்டம் கலைந்த பிறகு, மெரீனாவுக்குப் போனேன். நொச்சிக்குப்பத்துப் பக்கம் ஒரு மீனவர் வலை பிரித்துக் கொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. "ஏம்பா, கால் நனைக்கலாமா? இன்னிக்குத் தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கடலை ஒரு தரம் பார்த்தார். "இன்னிக்கு வேணாம்மா. நாளைக்கு வாங்க" என்றார்.

"சரி, தம்பி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் போனேன்.